பத்தாம் வகுப்பு மகனும் கைப்பேசியும்: இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டுக்கு அருகில் வசிக்கிறோம். ஒரே மகன், பத்தாம் வகுப்பில் படிக்கிறான். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் ஐந்தாம் வகுப்பு. இணையவழிப் பாடத்துக்காக வாங்கிக் கொடுத்த கைப்பேசி அதன்பிறகு அவனிடமே தங்கிவிட்டது. கடந்த மாதம் மின்கட்டணம் செலுத்துவதற்காக அந்தக் கைப்பேசியை எடுத்தபோது, அவன் வெகுநாளாக ஆபாசப் படங்கள் பார்த்து வந்திருப்பது தெரிந்தது.

அது அதிர்ச்சிதான். ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்வது வேறொன்று. வகுப்புப் பையன்கள் ஏழெட்டுப் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், தன்னிடம் பேச வந்த ஒரு பையனை உடன்படிக்கும் பெண்ணொருத்தி ஒதுக்கிவிட்டதைப் பற்றிப் பேச்சு ஓடியிருக்கிறது. அதில் என் மகன், பெண்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்றும், விடாமல் போனால் பிறகு அவர்களுக்கே பிடித்துவிடும் என்றும் எழுதியிருந்தான். பின்னால் வந்த வரிகளை இங்கே எழுத என்னால் முடியவில்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவள்.

என் கணவர் அவனை அடித்துவிட்டார். கைப்பேசி இப்போது பீரோவில் இருக்கிறது. பன்னிரண்டு நாள்களாக மகன் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் இழிவாகப் பேசியதில்லை. அப்படியிருக்க, இந்த எண்ணம் அவனுக்கு அந்தப் படங்களிலிருந்துதான் வந்ததா, அல்லது என் வளர்ப்பின் குறையை மறைக்க நானே ஒரு காரணத்தைத் தேடுகிறேனா என்று தெரிய வேண்டும். இன்னொன்றும் உண்டு. அவனிடம் பேச வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், ஆனால் வாயைத் திறந்தால் சொல் வருவதில்லை. தமிழில் இதைப் பேசுவதற்கு என்னிடம் சொற்களே இல்லை என்பதை நாற்பத்திரண்டு வயதில் கண்டுகொண்டேன்.

நொய்யல் எழுதியது:

சகோதரி, பொதுத்தேர்வு முடியும்வரை கைப்பேசியைத் திரும்பக் கொடுக்க வேண்டாம். வீட்டு இணைய இணைப்பில் இத்தகைய தளங்களைத் தடுக்கும் அமைப்பு உண்டு. இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டால் செய்து தருவார். இந்த வயதில் இதைப் பற்றி விளக்கிப் பேசுவது, தெரியாத பிள்ளைக்கும் தெரியவைப்பதாக ஆகிவிடும் என்பது என் கருத்து. நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம், கெட்டுப்போகவில்லை.

கரும்பலகை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக விலங்கியல் நடத்துகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் உங்கள் மகன் எழுதிய அதே வரியைக் கேள்வி வடிவில் என் மாணவர்களின் கையெழுத்திலேயே படித்திருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பதினொன்றாம் வகுப்பில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் துளை போட்டு வைத்து, உடலைப் பற்றியும் ஆண் பெண் உறவைப் பற்றியும் எதை வேண்டுமானாலும் பெயர் எழுதாமல் கேட்டுப் போடலாம் என்று சொன்னேன். முதல் வாரம் வெற்றுத் தாள்களும் கிண்டல்களும்தான் விழுந்தன. மூன்றாவது வாரத்திலிருந்து கேள்விகள் வரத் தொடங்கின. மாதவிடாய் பற்றியும் முகப்பரு பற்றியும் இருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, பிரித்துப் படித்தபோது கை நடுங்கியது. பெண் அழுவது சம்மதத்தின் அடையாளமா என்று ஒரு சீட்டு கேட்டது. படத்தில் வருகிற ஆண்களைப் போலத் தன் உடல் இல்லாததால் தனக்குத் திருமணமே ஆகாதா என்றது இன்னொன்று. பெண் குழந்தை ஒருத்தி எழுதியிருந்ததை நான் மறக்கவே மாட்டேன்: "வலிக்கும் என்று தெரியும் டீச்சர், வலிக்கவில்லை என்பதுபோல் எப்படி நடிப்பது?"

அந்தச் சீட்டுகள் எனக்கு ஒன்றைத் தெளிவாக்கின. இந்தப் பிள்ளைகள் அந்தப் படங்களைப் பொழுதுபோக்காக மட்டும் பார்க்கவில்லை, பாடநூலாகப் படித்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் என்ற பாடம் இருக்கிறது, பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் இருக்கிறது. சூலகம், விந்தகம், கருவுறுதல் என்று வரைபடத்தோடு நடத்துகிறோம். ஆனால் ஒருவரையொருவர் விரும்புகிற இரண்டு பேர் ஒருவரிடம் ஒருவர் எப்படிக் கேட்பார்கள், தயக்கம் வந்தால் என்ன செய்வார்கள், வேண்டாம் என்ற சொல்லை எப்படி ஏற்பார்கள் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. அந்தக் காலியிடத்தில்தான் அந்தப் படங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, யாரும் தயங்குவதில்லை, யாரும் பாதியில் போதும் என்று சொல்லி நிறுத்துவதில்லை. அப்படியே யாராவது மறுத்தாலும் அந்த மறுப்பு அடுத்த நிமிடமே விருப்பமாக மாறிவிடுகிறது. நூறு முறை இதைப் பார்த்த பிள்ளைக்கு, கேட்பது என்ற செயலே கணக்கில் வராமல் போகிறது.

உங்கள் வளர்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். முழுப் பழியையும் அந்தப் படங்களின்மேல் போடவும் எனக்கு மனம் வரவில்லை. மறுக்கும் பெண்ணை விடாமல் துரத்தினால் அவள் கடைசியில் காதலிப்பாள் என்று நம் திரைப்படங்கள் இரண்டு தலைமுறைக்குக் கற்றுக் கொடுத்திருக்கின்றன. குடும்பத்தோடு அமர்ந்து கைதட்டியும் இருக்கிறோம். உங்கள் மகன் எழுதிய வரியின் முதல் பாதி அங்கிருந்து வந்திருக்கலாம். நீங்கள் இங்கே எழுத முடியாமல் விட்ட பின்பாதி கைப்பேசியிலிருந்து வந்திருக்கும்.

சொற்களைப் பற்றி நீங்கள் எழுதியது முழு உண்மை. நம்மிடம் புழங்கும் சொற்கள் இரண்டே வகை. ஒன்று தெருச்சண்டையில் காதில் விழும் வசை, மற்றது தேர்வில் மட்டும் எழுதும் பாடநூற் சொல். வீட்டுக்குள் இயல்பாகச் சொல்வதற்கு ஒரு சொல்லும் இல்லை. குழந்தைக்குக் கை, கால், மூக்கு என்று கற்றுக் கொடுக்கும்போதே அந்த உறுப்புகளுக்கு வந்ததும் "ச்சீ" என்கிறோம். அவன் கற்கும் முதற்பெயர் அதுவாகிவிடுகிறது. நான் வகுப்பில் கண்ட வழி, பாடநூற் சொற்களையே கூச்சமின்றித் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். முதல் நாள் சிரிப்பார்கள், நான்காம் நாள் சிரிக்க மாட்டார்கள். உங்கள் மகனிடம் நீங்கள் உறுப்புகளைப் பற்றிப் பேச வேண்டிய தேவையும் இப்போது இல்லை. சம்மதம், மரியாதை, பயம், ஆசை, வெட்கம் ஆகிய சொற்கள் போதும். அவை எல்லாமே உங்களிடம் இருக்கின்றன.

நொய்யல் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசு 2015இல் 857 ஆபாசத் தளங்களை முடக்கச் சொல்லி, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே தளர்த்தியது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்கள் முடக்கப்பட்டன. அதன்பின், தடுத்த தளத்தையும் சுற்றுவழியில் திறக்க உதவும் விபிஎன் என்றால் என்ன என்பதை என் மாணவர்கள் எனக்கே விளக்கினார்கள். தளத்தை மூடினாலும் டெலிகிராம் குழு இருக்கிறது, பக்கத்து இருக்கைப் பையனின் கைப்பேசி இருக்கிறது. தடுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, சிறு பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் பதினைந்து வயதில் ஏற்கெனவே பார்த்துவிட்ட பிள்ளைக்கு, பார்த்ததைப் பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டும்.

மழைக்காலம் எழுதியது:

அக்கா, எனக்கு 24 வயது, கோயம்புத்தூரில் வேலை செய்கிறேன். உங்கள் மகன் இப்போது நிற்கும் இடத்தில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பில், 2013 என்று நினைவு, நண்பனுடைய அண்ணனின் மெமரி கார்டில் முதன்முதலாகப் பார்த்தேன். அன்றிரவு காய்ச்சல் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. "பிட்டுப் படம்" என்று சிரித்துக்கொண்டே பேசிய நண்பர்கள் எவரும் தாங்கள் பயந்ததை ஒப்புக்கொள்ளவில்லை, நானும் ஒப்புக்கொள்ளவில்லை. 2016இல் ஜியோ வந்த பிறகு கார்டு தேவைப்படவில்லை, போர்வைக்குள் கைப்பேசி போதுமானதாக இருந்தது. பள்ளி முடியும்வரை என்னுடைய ஒரே ஆசிரியர் அதுதான் என்பதைக் கரும்பலகை அவர்களின் பதிலைப் படித்தபோது உணர்ந்தேன்.

இதன் விளைவு பள்ளியில் தெரியவில்லை, பிறகுதான் தெரிந்தது. இருபத்தொரு வயதில் ஒரு பெண்ணை உண்மையாகவே நேசித்தேன். நான் முரடன் இல்லை, அவளை ஒருநாளும் திட்டியதுகூட இல்லை. ஆனால் எட்டு மாதம் கழித்துப் பிரியும்போது அவள் சொன்னது இதுதான்: "எனக்கு என்ன பிடிக்கும் என்று நீ ஒரு முறைகூடக் கேட்டதில்லை, உனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுபோலவே இருந்தாய்." எனக்கு உண்மையிலேயே தெரியும் என்றுதான் நம்பியிருந்தேன். பெண் என்றால் இப்படித்தான், அவளுக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது என்று ஒரு முழு வரைபடம் என் தலையில் இருந்தது. அதை வரைந்து கொடுத்தவர்கள் எனக்கு முன்பின் தெரியாத, பணத்துக்காகப் படம் எடுக்கும் ஆள்கள் என்பது அப்போது தோன்றவே இல்லை. அவளுடைய முகத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பாவும் ஒருமுறை என்னைப் பிடித்தார், அடித்தார். அதன்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடியால் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், ஹிஸ்டரியை அழிப்பது. உங்கள் மகன் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருப்பது கோபத்தால் என்று நினைக்காதீர்கள் அக்கா. அம்மா அதைப் பார்த்துவிட்டாள் என்ற வெட்கத்தில் அவன் செத்துக்கொண்டிருப்பான். முதல் வார்த்தை உங்களிடமிருந்துதான் வர வேண்டும், அவனால் முடியாது.

தாழ்வாரம் எழுதியது:

நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அனுபவங்களை மற்றவர்கள் சொல்லிவிட்டதால், ஆய்வுகள் சொல்வதை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மகன் விதிவிலக்கு அல்ல. அமெரிக்காவில் காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 13 முதல் 17 வயதுள்ள 1,300க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2023 தொடக்கத்தில் வெளியிட்ட கணக்கெடுப்பில், 73 விழுக்காட்டினர் இத்தகைய படங்களைப் பார்த்திருந்தனர். முதன்முதலில் பார்த்த சராசரி வயது 12. அதில் 45 விழுக்காட்டினர் அவை பயனுள்ள தகவலைத் தருகின்றன என்று கருதியதுதான் ஆசிரியை சொன்ன "பாடநூல்" என்பதற்கு நேர்ச்சான்று. அதே ஆண்டில் இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட அறிக்கையில், 16 முதல் 21 வயதினரில் 79 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே வன்முறை கலந்த படங்களைக் கண்டிருந்தனர். இவை அயல்நாட்டுக் கணக்குகள் என்றாலும், பார்க்கப்படும் தளங்கள் ஒன்றே.

எனினும் உங்கள் முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர், வால்கன்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் இருபது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் எழுதிய கட்டுரையில், இப்படங்களை அதிகம் பார்க்கும் வளரிளம் பருவத்தினரிடம் ஆண் இப்படி, பெண் இப்படி என்ற இறுகிய எண்ணங்கள் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் பார்ப்பதால் அந்த எண்ணம் வருகிறதா, அந்த எண்ணம் உள்ளவர்கள் அதிகம் பார்க்கிறார்களா என்பதை அந்த ஆய்வுகளைக் கொண்டு உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் எழுதினார்கள். ஆகவே படம் பார்த்த பையன் எல்லாம் கெட்டவனாகிவிடுவான் என்ற முடிவுக்குப் போகாதீர்கள். எதிர்க்குரல் இல்லாத இடத்தில்தான் அந்தப் படம் முழு அதிகாரம் பெறுகிறது. பாஸ்டன் நகரில் எமிலி ராத்மன் என்ற பேராசிரியரும் உடன் பணியாற்றியவர்களும் வளரிளம் பருவத்தினருக்கு இதற்கென்றே ஒரு பாடத்திட்டம் வகுத்து நடத்தினார்கள். இந்தப் படங்கள் எதற்காக எடுக்கப்படுகின்றன, அவற்றில் எது உண்மை, எது விடப்பட்டிருக்கிறது என்பதை மாணவர்களே விவாதிக்கும் வகுப்பு அது.

மேலும் மூன்று செய்திகள். முதலாவது, "அடிமையாகிவிட்டான்" என்ற சொல்லை வீட்டில் பயன்படுத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை என்ற கோளாறு உண்டு, ஆனால் அதற்கான அளவுகோல் கடுமையானது. படிப்பு, குடும்பம், நட்பு போன்றவை சிதைந்தும் பல மாதங்களாக நிறுத்த முடியாமல் தவிப்பவர்களுக்கானது. பெரும்பாலான பிள்ளைகளிடம் நான் காண்பது குற்றவுணர்வுதான், நோய் அல்ல. கைப்பழக்கத்தால் நரம்பு தளரும், வாழ்க்கை போய்விடும் என்று பயமுறுத்தி லேகியம் விற்கும் விளம்பரங்கள் இந்தக் குற்றவுணர்வை வைத்தே பிழைக்கின்றன. யாராவது உங்கள் கணவருக்கு அப்படியொரு "வைத்தியரை" பரிந்துரைத்தால் தயவுசெய்து போகாதீர்கள்.

இரண்டாவது, சட்டம். உடன்படிக்கும் பிள்ளைகளின் அந்தரங்கப் படம் எதுவும் அந்தக் குழுவில் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் அத்தகைய காட்சியை வைத்திருப்பதும், அழிக்காமலும் புகார் செய்யாமலும் விடுவதும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவில் எப்படிக் குற்றமாகின்றன என்பதை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் விரிவாக விளக்கியது. முன்பு சென்னை உயர் நீதிமன்றம் அளித்த மாறுபட்ட தீர்ப்பு அதில் ரத்தானது. அதை "குழந்தை ஆபாசப் படம்" என்று அழைப்பதே தவறு, அது குழந்தைமீது நடந்த சுரண்டலின் பதிவு என்று நீதிபதிகள் சொன்னதையும், அதே தீர்ப்பில் பாலியல் கல்வியின் தேவையை வலியுறுத்தியதையும் நம் பள்ளிகள் கவனித்ததாகத் தெரியவில்லை. பகிர்கிறவன் சிறுவன் என்பதால் சட்டம் விலகிவிடாது. அப்படி ஏதேனும் இருந்தால் இணையக் குற்றங்களுக்கான 1930 அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் பேசுங்கள்.

மூன்றாவது, உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால், தமிழக அரசின் கல்வி உதவி எண் 14417, மனநல உதவிக்கு 14416. தயங்காதீர்கள்.

காவிரிக்கரை எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பதில் தந்த எல்லாருக்கும், நொய்யல் ஐயா உட்பட, நன்றி. குழுவில் படம் எதுவும் இல்லை, பேச்சு மட்டும்தான்.

நேருக்கு நேர் உட்கார்ந்து பேச எனக்குத் துணிவில்லை. டியூஷன் முடிந்து அவனை ஸ்கூட்டியில் அழைத்து வரும்போது, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நீ பார்த்ததை நான் பார்த்தேன், அதற்காக உன்னை வெறுக்கவில்லை, அப்பா அடித்தது தவறு என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்." பின்னாலிருந்து பதில் இல்லை. மறுநாள், அதில் வருகிற எவரும் ஒருவரையொருவர் எதையும் கேட்பதில்லையே, கவனித்தாயா என்றேன். அதற்கும் பதில் இல்லை. நான்காம் நாள் அவனாகவே, "அது நிஜம் இல்லை என்று எனக்குத் தெரியும் அம்மா" என்றான். சிறிது தூரம் போன பிறகு, "ஆனால் நிஜம் எப்படி இருக்கும் என்று தெரியாது" என்றான். வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

அன்று முதல் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறோம். அவன் அப்பாவும் எனக்கும் தமக்கும் திருமணமான புதிதில் ஒருவரோடொருவர் பேசவே எவ்வளவு கூச்சப்பட்டோம் என்பதை அவனிடம் சொன்னார்; அவர் அதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கைப்பேசி இரவு ஒன்பது மணிக்குமேல் மூவருடையதும் கூடத்திலேயே இருக்கும் என்று முடிவு செய்திருக்கிறோம், எங்கள் இருவருடையதும் சேர்த்து.

இப்போது அவன் கேட்ட ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அதற்காகத்தான் மீண்டும் வந்தேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான். "ஆனால் நான் எழுதியது அவளுக்குத் தெரியாது, நான் போய்ச் சொன்னால்தான் தெரியும், அப்போது அவளுக்குக் கஷ்டம் அதிகமாகாதா?" என்கிறான்.

கரும்பலகை எழுதியது:

சகோதரி, இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை அவளுடைய இடத்தில் நின்று பார்க்கத் தொடங்கிவிட்டான்.

என் யோசனை இது. அவளுக்குத் தெரியாதவரை அவளிடம் போக வேண்டாம். தன் மனப்பாரத்தை இறக்கிவைக்க அவளைப் பயன்படுத்துவதாக அது ஆகிவிடும். அவன் எதை எந்த இடத்தில் சொன்னானோ அந்த இடத்திலேயே திருத்தட்டும். அதே குழுவில், நான் எழுதியது தவறு, அவள் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றுதான் பொருள், என்று இரண்டு வரி எழுதினால் போதும். அவளுக்கு எப்படியாவது தெரியவந்தால், அன்று தயங்காமல் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். குழுவில் எழுதுவது அவனுக்குக் கடினமாக இருக்கும், நண்பர்கள் கேலி செய்வார்கள். அவனைத் தனியாக விட்டுவிடாமல், எழுதும்போது நீங்களோ அவன் அப்பாவோ பக்கத்தில் இருங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

சொன்னேன், ஆசிரியை அவர்களே. பத்து நிமிடம் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுதி அனுப்பினான். இரண்டு பையன்கள் கிண்டல் செய்தார்கள், ஒருவன் குழுவிலிருந்தே வெளியேறினான். இரவு பத்தரை மணிக்கு இன்னொரு பையன் அவனுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்ததை, விடிந்ததும் அவனே கொண்டுவந்து என்னிடம் காட்டினான். "உன் அம்மாவிடம் நானும் ஒன்று கேட்கலாமா?" என்று அதில் இருந்தது.